அவிழ்த்துக் கட்டிய மோட்டார்

ஜூன் 10, திங்கள்

கம்பி கம்பெனிக்காரன் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி இது. எந்த மோட்டார் வந்தது, எந்த மோட்டார் போனது என்று மட்டும் எழுதுவது வழக்கம். இன்று வந்தவை: போர்வெல் மோட்டார் இரண்டு, மாவு மில் மோட்டார் ஒன்று, கிறுக்கு ஒன்று.

கிறுக்கின் பெயர் ஜெரால்டு. போத்தனூர்க்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். ஒரு பழைய மொபெட்டின் பின்னால் மூன்று குதிரைச் சக்தி மோட்டாரைக் கட்டிக்கொண்டு, கணபதி மெயின் ரோடு முழுக்கப் புகை விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். பம்பு எரிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

“பம்பு இல்லீங்க மேடம். இதை ஒரு பைக்குல வைக்கோணும்.”

“பைக்குலயா?”

“பார்க்கறதுக்கு எங்க அப்பா காலத்து வண்டி மாதிரி இருக்கும். ஓடறது பேட்டரில.”

“பேட்டரில ஓடோணும்னா கடைல புது வண்டியே கிடைக்குதேங்க.”

“அதெல்லாம் வாஷிங் மெஷின் மாதிரி இருக்குதுங்க,” என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக் கரண்டுக்குக் கட்டியதைப் பிடுங்கிவிட்டு, பேட்டரிக்குத் தகுந்தபடி தடித்த கம்பியில் குறைந்த சுற்று கட்ட வேண்டும். நான்கு கடையில் கேட்டாராம். நான்கு பேரும் முடியாது என்றார்களாம். அந்த நான்கு பேரையும் எனக்குத் தெரியும். அவர்கள் முடியாது என்று சொன்ன வேலையை நான் எப்படி வேண்டாம் என்பேன்?

ஜூன் 14, வெள்ளி

கம்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆகும்.

கடையில் எனக்குக் கம்பியைக் காயிலாகச் சுற்றி இறக்கித் தருவது தம்பி மனைவி சரண்யா; நாத்தனார் முறைக்கு என்னை நங்கையா என்பாள். “இத்தனை நாள் வராத சிரிப்பு இன்னைக்கு எங்கிருந்து வந்துச்சு நங்கையா?” என்று கேட்டாள். ஸ்லாட்டில் பேப்பர் மடிப்பு சரியில்லை என்று அவளைத் திட்டினேன். மடிப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 22, சனி

ஜெரால்டு சார் முழுக்கதையும் இன்றுதான் சொன்னார். நூல் மில்லுக்கு மெஷின் செய்கிற கம்பெனியில் வெல்டிங் பிரிவுக்குத் தலைமையாக இருந்திருக்கிறார். அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். இப்போது சரவணம்பட்டி பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர். தண்ணீர் டேங்க், லிஃப்ட், குப்பை வண்டி, எல்லாம் அவர் தலையில். பெங்களூரில் பழைய பைக்குகளைப் புதுப்பித்து விற்கிற ஒரு பட்டறைக்காரர், இந்த மாதிரி ஒன்று செய்துகாட்டு, ஓடினால் பட்டறையையே உன் பொறுப்பில் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

“அப்ப வண்டி ஓடுச்சுன்னா பெங்களூர் போயிருவீங்க.”

“ஓடோணுமே, முதல்ல.”

அவர் இருப்பது மாடியில் ஒற்றை அறை. அங்கே வெல்டிங் வைக்க முடியாது. நம் கடைக்குப் பின்னால் ஓட்டை மோட்டார்களைப் போட்டு வைக்கிற தகர ஷெட் இருக்கிறதே, சனிக்கிழமை மத்தியானம் வந்து அங்கே வேலை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். இடம் சும்மாதானே கிடக்கிறது.

ஜூன் 29, சனி

ஷெட்டைக் கூட்டிக் கழுவினேன். எப்படியும் கழுவ வேண்டியதுதான்.

ஃபிரேமுக்குக் குழாய் வளைத்தார். மணலை அடைத்து, சூடு காட்டி, காலை ஊன்றி மெதுவாக வளைக்கிறார். அவசரப்படுவதில்லை. நான் மாவு மில் மோட்டாரைப் பிரித்துக்கொண்டே பார்த்தேன். அதை அப்புறம் இரண்டாம் தடவை பிரிக்க வேண்டி வந்தது, நட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

வரும்போது போத்தனூர் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி வந்தார். எனக்கு இனிப்பு ஆகாது. மூன்று தின்றேன்.

ஜூலை 6, சனி

பெட்ரோல் டேங்க் செய்கிறார். உள்ளே பெட்ரோல் எதுவும் கிடையாது, கண்ட்ரோலர் பெட்டியும் ஒயரும்தான் இருக்கப்போகிறது. அதற்கு இத்தனை தட்டு. மண் மூட்டை மேல் தகடை வைத்து, மரச் சுத்தியால் நாள் முழுக்கத் தட்டினார். கையால் தடவுவார், கண்ணை மூடிக்கொள்வார், மறுபடி தட்டுவார்.

“பொய் டேங்குக்கு என்னத்துக்குங்க இவ்வளவு பாடு?”

“பொய்யை அரைகுறையாச் செஞ்சாத்தானுங்க அசிங்கம்.”

இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் பேட்டரிப் பெட்டி. அதன் மேல் வரிவரியாக அலுமினியத் தகடு வைத்து, தூரத்தில் பார்த்தால் இன்ஜின் என்றே நினைக்கும்படி செய்துவிட்டார். முன் சக்கரத்துக்கு மேலே ஒற்றை ஸ்பிரிங். சீட்டு மட்டும் சைக்கிள் சீட்டு போலத் தனியாக, ஒரு ஆளுக்கு. பின்னால் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன். அந்தக் கால வண்டிக்கு அப்படித்தானாம். அவர் மனைவி இறந்து ரொம்ப வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. நான் ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

ஜூலை 13, சனி

இன்று மேடம் என்று சொல்லவில்லை. “குமுதாங்க, அந்தக் குறடு கொஞ்சம்” என்றார். குறடு அவர் காலடியிலேயே கிடந்தது, இருந்தாலும் எடுத்துக்கொடுத்தேன்.

குமுதவல்லி என்று கடைப் பலகையில் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. அக்கா, நங்கையா, ஓனரம்மா. அப்பாவின் உடம்பு, தம்பியின் படிப்பு என்று ஒவ்வொன்றாய் வந்து, கல்யாணப் பேச்சு என்னைத் தாண்டிப் போய்விட்டது. அதற்காக நான் உட்கார்ந்து அழுதது கிடையாது. இன்றைக்கு ஒரு வார்த்தைக்கு எதற்கு இப்படி ஆகிறது?

ஜூலை 17, புதன்

பைக் மோட்டார் கட்டி முடித்தேன். வார்னிஷ் ஊற்றிக் காய வைத்திருக்கிறது. நானே சொல்லக் கூடாது, ஆனால் இந்த டைரியை யார் படிக்கப்போகிறார்கள்? இவ்வளவு அழகாக நான் எதையும் கட்டியதில்லை.

ஜூலை 20, சனி

மோட்டாரை ஏற்றினோம். பட்டனைப் போட்டுப் பிடியை முறுக்கினார். வண்டி சரேலென்று பின்னால் போய் டீ கிளாஸ் வைத்த ஸ்டூலைத் தட்டிவிட்டு நின்றது.

தப்பு என்னுடையது. பம்பு மோட்டாரை எந்தப் பக்கம் நின்று பார்த்து எந்தத் திசையில் சுற்றவிடுவோமோ, பழக்க தோஷத்தில் அப்படியே விட்டுவிட்டேன். பைக்கில் மோட்டார் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து தம்பி எட்டிப் பார்த்தான். ஜெரால்டு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தண்ணி எறைக்கும்னு நினைச்சிருச்சுங்க பாவம்” என்றார்.

ஒயரை மாற்றியதும் ஷெட்டிலிருந்து வாசல் வரை போய் வந்தார். சத்தமே இல்லை. அந்த மொபெட் வரும்போது சிக்னலிலேயே தெரிந்துவிடும், எழுந்து தலையைச் சரிசெய்துகொள்ள நேரம் இருக்கும். இது கண்ணுக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் தெரிகிறது.

பெயின்ட் மட்டும்தான் பாக்கி. சுதந்திர தினத்துக்கு முன்னால் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாராம் பட்டறைக்காரர். “உங்க புண்ணியத்துல ஆயிருச்சுங்க” என்றார். நல்லதுங்க என்றேன். மோட்டாரை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

ஜூலை 23, செவ்வாய்

பைக் மோட்டாரின் இன்சுலேஷன் அவ்வளவு திருப்தியாக இல்லை என்று தோன்றியது. சரண்யா பள்ளிக்கூட மீட்டிங்குக்குப் போயிருந்தாள். ஒரு பக்கம் உளியால் வெட்டி, சூடு காட்டி, கட்டிய கம்பி மொத்தத்தையும் பிடுங்கிவிட்டேன்.

மழை இல்லை.

ஜூலை 27, சனி

இன்சுலேஷன் சரியில்லை, பிடுங்கிவிட்டேன் என்று சொன்னேன். அவர் கம்பி இல்லாத வெறும் ஸ்டேட்டர் கூட்டைக் கையில் எடுத்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். மேஜை மேல் கிடந்த மீட்டரைப் பார்த்தார். அது இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று காட்டுகிற மீட்டர். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏறுமேடுல போய் எரிஞ்சா உங்க பேருதானுங்க கெடும். அதான்,” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரிதானுங்க.”

அப்புறம் டேங்குக்கு உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பன் வாங்கி வந்திருந்தார்.

ஜூலை 31, புதன்

பைக் மோட்டாருக்குக் கம்பி வந்தது. கனம், அதான் கேஜ், ஒரு நூல் வித்தியாசம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். கடைக்காரப் பையன், “இதே கம்பியத்தானக்கா போன தடவை வாங்குனீங்க” என்றான். பில்லை அவன் கையில் திணித்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடி முடியட்டும், ஆடியில் புதுசாகக் கட்ட வேண்டாம் என்றேன். சரண்யா அடுப்படியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். போன ஆடியில் இரண்டு போர்வெல் இறக்கியவள் நான்.

“உங்களுக்கு அதெல்லாம் உண்டுங்களா?” என்று கேட்டார் அவர்.

“இந்த வருஷத்துல இருந்து உண்டுங்க.”

வேலை எதுவும் இல்லாததால் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு ஹாரன் சத்தம் பிடிக்காது. சர்ச் பாட்டுக் குழுவில் கனத்த குரலில் பேஸ் பாடுவாராம். ரசம் வைத்தால் தக்காளியை இரண்டாக வெட்டாமல் முழுசாகப் போட்டுக் கரைக்க வேண்டுமாம். யார் இப்போது அவருக்கு ரசம் வைக்கிறார்கள் என்று கேட்டேன். “யாரும் இல்லீங்க, நான்தான்” என்றார். வெயில் இறங்கிப் போகும்வரை இருந்தார். இந்தச் சனிக்கிழமையை அப்படியே பிடித்து நிறுத்திவைக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

ஆகஸ்ட் 17, சனி

சுதந்திர தினம் போய்விட்டது. பட்டறைக்காரர் போன் செய்து சத்தம் போட்டாராம். மாதக் கடைசிவரை பார்ப்பேன், அதற்குமேல் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாராம். ஜெரால்டு சார் இதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஆடி முடிஞ்சிருச்சுங்களா என்று மட்டும் கேட்டார். நேற்றோடு முடிந்தது என்றேன்.

“அவசரம் இல்லீங்க. உங்களுக்கு எப்பத் திருப்தியோ அப்பக் கட்டுங்க.”

ஏதாவது திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சரவணம்பட்டியில் அவர் வேலை செய்கிற அபார்ட்மெண்டின் பம்பு எரிந்து, நம்மிடம் வந்து கட்டி முடிந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். போக வேண்டிய அவசியம் இல்லை, ஆள் அனுப்பியிருக்கலாம். நீலக் கரை போட்ட புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

கேட்டுக்கு உள்ளே பத்திருபது பேர் நின்றார்கள். நடுவில் ஜெரால்டு சார். அரை டவுசர் போட்ட ஒருத்தன், என் தம்பியைவிடச் சின்னவன், விரலை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தான். நேற்றுக் காலையில் மேல் டேங்க் நிறையவில்லையாம், அவன் பாதிக் குளியலில் நின்றுவிட்டானாம்.

“உன்னை எதுக்கு வச்சிருக்கோம்? பம்பு போச்சுன்னா முந்தின நாளே உனக்குத் தெரிய வேண்டாமா? சொல்றது காதுல விழுதா இல்லையா?”

“விழுதுங்க சார்.”

“விழுந்து என்ன பிரயோஜனம்?”

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கை தகடைத் தடவுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்போதுதான் என்னைக் கண்டார். முகத்தைத் திருப்பவில்லை, லேசாகச் சிரித்து, “பம்பு வந்துருச்சுங்க சார்” என்று அவனிடம் சொன்னார்.

பம்பை இறக்கி, மாட்டி, தண்ணீர் ஏறும்வரை பக்கத்தில் நின்றேன். கிளம்பும்போது, “இது தினமும் நடக்கறதுதானுங்க, மனசுல வச்சுக்காதீங்க” என்றார். எனக்கு அவர் ஆறுதல் சொல்கிறார்.

ஆட்டோவில் வரும்போது அழுதேன். அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இதை எழுதுவதற்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. அந்த ஆசைக்காக அவரை நான் எங்கே நிற்கவைத்திருக்கிறேன் என்று இன்று கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

கட்டினேன். காலையில் உட்கார்ந்தவள் மத்தியானச் சோற்றுக்கும் எழுந்திருக்கவில்லை. சரண்யா ஒன்றும் கேட்காமல் காயில் காயிலாக எடுத்துக்கொடுத்தாள். போன கட்டைவிட இது நல்ல கட்டு. மனசு ஒத்துழைக்காத அன்று கை இப்படி வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 24, சனி

வண்டி ஓடுகிறது. கரும்பச்சை பெயின்ட், டேங்கில் மெல்லிசாகத் தங்கக் கோடு. தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுப் பெரியவர் வந்து குனிந்து பார்த்து, “எந்த வருஷ வண்டிங்க? இன்ஜின் ஆயில் ஒழுகறதே இல்லியே” என்றார். ஜெரால்டு சார் அவர் மனதைக் கெடுக்காமல், “நல்ல கம்பெனிங்க” என்று சொல்லிவைத்தார்.

பிறகு சாவியை என் கையில் கொடுத்தார்.

“நான் எதுக்குங்க?”

“கட்டினவங்க முதல்ல ஓட்டோணும்.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பினேன். காற்றுச் சத்தம் மட்டும்தான். சங்கனூர்ப் பள்ளம் பக்கம் ஒரு குயில் கத்தியதுகூடக் கேட்டது. இத்தனை வருஷம் அந்த வழியாகப் போகிறேன், அங்கே குயில் இருப்பது எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது அவர் வாசலில் நின்று நான் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காக ஒரு ஆள் வாசலில் நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். வேகத்தைக் குறைத்து மெதுவாக வந்தேன்.

ஆகஸ்ட் 31, சனி

லாரியில் ஏற்றினோம். போர்வை சுற்றி, கயிறு போட்டு, அவரே கட்டினார். டிரைவர் லாரி ஆபீசுக்குச் சரக்குப் பேப்பர் வாங்கப் போயிருந்தான். இனிச் சொல்லாவிட்டால் எப்போது?

“முதல்ல கட்டினதுல ஒரு குத்தமும் இல்லீங்க. நான்தான் வேணும்னு பிடுங்கினேன்.”

“தெரியுமுங்க.”

“எப்படி?”

“அன்னைக்கே, பைக்குல ஏத்தறதுக்கு முன்னாடியே மீட்டர் வச்சுப் பார்த்துட்டேன். அருமையா இருந்துச்சு.”

“அப்பறம் ஏங்க கேக்கல? ஒரு மாசத்துக்கு மேல ஆயிருச்சே.”

அவர் இறுக்கிக் கட்டின முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

“கேட்டிருந்தா நீங்க காரணம் சொல்லிருப்பீங்க. காரணத்தைக் கேட்டுட்டா நான் போயிருக்க மாட்டேனுங்க. இந்த வயசுல இன்னொரு தடவை நல்ல வேலைன்னு யாரும் கூப்பிட மாட்டாங்க, குமுதா.”

பேருக்குப் பின்னால் ங்க போடவில்லை.

“அதுக்குத்தானுங்க நானும் சொல்லல,” என்றேன்.

அது பொய். பயந்துகொண்டுதான் சொல்லவில்லை. வாயைத் திறந்து கேட்டு, வேண்டாம் என்று பதில் வந்துவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு கடை திறப்பது? ஆனால் நான் பெரிய மனது பண்ணி அனுப்பிவைத்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டு போகட்டும். போகிற மனுஷனுக்கு அதுதான் நல்லது. டிரைவர் வந்தான். அவர் முன்னால் ஏறி உட்கார்ந்து, லாரி திரும்பும்வரை கையை ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தார்.

செப்டம்பர் 7, சனி

ஷெட் காலி. ஓட்டை மோட்டார்களைத் திரும்பவும் அங்கே அடுக்கலாமா என்று சரண்யா கேட்டாள். வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 14, சனி

ரசம் வைத்தேன். தக்காளியை முழுசாகப் போட்டுக் கரைத்தேன். தம்பி, “என்னக்கா இன்னைக்கு ரசம் வேற மாதிரி இருக்கு” என்று இரண்டு தடவை ஊற்றிக்கொண்டான். நான் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

மாவு மில் மோட்டார் இன்னொன்று போனது. போர்வெல் ஒன்று வந்தது. போன் வரவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

வந்தது.

வண்டியை நந்தி மலை வரை ஏற்றி இறக்கினார்களாம். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடுதானாம். பட்டறை அவர் பொறுப்பில் வந்துவிட்டது. எல்லோரும் அவரை சார் என்கிறார்களாம். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் வெட்கப்பட்டது. இன்னும் ஐந்து வண்டிக்கு ஆர்டர் வந்திருக்கிறது.

“இங்க ரெண்டு கடைல கட்டிக் காமிச்சாங்க. வேண்டாம்னுட்டேன். அஞ்சு மோட்டாரும் நீங்கதான் கட்டோணும். கட்டி லாரில போட்டுவிட்டாப் போதுமுங்க.”

“லாரில எல்லாம் போட மாட்டேனுங்க.”

“ஏனுங்க?”

“ஆள் நேர்ல வந்து, பார்த்து, எடுத்துட்டுப் போகோணும். அதுவும் ஒண்ணொண்ணாத்தான் தருவேன்.”

அங்கே யாரோ தகடு தட்டுவது கேட்டது.

“அஞ்சு தடவை வரோணுமுங்களா?”

“மீட்டர் வச்சுப் பார்க்கத் தெரிஞ்ச ஆளா வரோணும். சும்மா கண்டவங்க கையிலயும் குடுக்கறதுக்கு இல்ல.”

தட்டுகிறவனை நிறுத்தச் சொன்னார். பிறகு மெதுவாக, “முதல் மோட்டார் எப்ப முடியுமுங்க, குமுதா?” என்றார்.

“சனிக்கிழமை.”

போனை வைத்துவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். அதே சைஸில் ஒரு பழைய மோட்டார் நம்மிடமே கிடக்கிறது. முடித்தால் போய்விடுவார் என்று அன்றைக்குப் பிடுங்கிப் போட்டேன். இனி முடித்தால்தான் வருவார். சரண்யாவைக் காப்பிகூடக் குடிக்கவிடாமல் காயில் சுற்ற உட்காரவைத்தேன்.

“சனிக்கிழமைக்கு இன்னும் நாள் கிடக்குதே நங்கையா, என்ன அவசரம்?” என்றாள்.

அவசரம்தான் என்றேன்.